இரும்புச்சத்து மாத்திரையும் டீயும்: எவ்வளவு நேர இடைவெளி?

கேள்வி (குமுதா): சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்புச்சத்து ஏறாது என்கிறார்கள். பால் டீக்கும் இது பொருந்துமா? எத்தனை மணி நேரம் தள்ளவேண்டும்?

லேப்காரன்: பொருந்தும். டீயிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு கரையாமல் செய்துவிடும். 1999-இல் வெளியான ஹரெல் குழுவின் ஆய்வில், ரொட்டியோடு கறுப்புத் தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 79 முதல் 94% வரை குறைந்தது. பால் சேர்த்தும் பெரிய மாற்றமில்லை. புதினா டீயும் 84% குறைத்தது. ‘ஹெர்பல்’ என்று நம்பி ஏமாறவேண்டாம்.

செல்வி_டயட்: இடைவெளி பற்றி 2017-இல் பிரிட்டனில் 12 பெண்களிடம் பார்த்தார்கள். இரும்பு கலந்த கஞ்சியோடு டீ குடித்தபோது உறிஞ்சுதல் சுமார் 37% குறைந்தது; ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது பாதிப்பு வெகுவாகத் தணிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கடைப்பிடிக்க எளிது. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீர் அல்லது எலுமிச்சைச் சாறோடு போடுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து டீ. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: டீயைத் தள்ளிவிட்டு, மாத்திரையைப் பாலோடு விழுங்குவார்கள். கால்சியமும் தடுக்கும். ஆன்டாசிடும் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) அப்படியே.

லேப்காரன்: ஒன்று விட்டுப்போச்சு. இது கீரை, பருப்பு, தானியத்திலுள்ள இரும்புக்குத்தான் முக்கியம். கறி, ஈரலிலுள்ள ஹீம் என்ற வேறு வகை இரும்பை டீ அவ்வளவாகத் தொடாது. எனவே சுத்த சைவம், கர்ப்பிணி, மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு உள்ளவர் என்றால் கறாராக இருங்கள். மற்றவர்கள் இவ்வளவு பயப்படத் தேவையில்லை.

குமுதா: நன்றிங்க. அப்போ சாப்பாட்டுக்குப் பின் டீ கட், நாலு மணிக்கு மட்டும்.