வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் மாடி எழுப்புவது: எப்படித் திட்டமிடுவது?

காவிரிக்கரை (கேள்வி)

வணக்கம். டெல்டா பகுதியில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி. தரைத்தளமும் முதல் மாடியும் 1994-ல் கட்டியவை. மாடிக்கு 8 வகுப்பறை வரிசையாக, ஒவ்வொன்றும் 20-க்கு 20 அடி, முன்னால் 7 அடி வராண்டா. பிள்ளைகள் சுமார் 600 பேர். மேற்கு ஓரத்தில் ஒரே ஒரு மாடிப்படி. மொட்டை மாடியில் பில்லர் கம்பிகளை எதிர்காலத்துக்கென்று நீட்டி விட்டிருக்கிறார்கள்.

மேலே 6 வகுப்பறையும் ஒரு ஆய்வகமும், கிழக்கில் இன்னொரு மாடிப்படியும் கட்டி, கழிப்பறைகளைப் புதுப்பிக்க வேண்டும். முதல் மாடியில் 3 அறைகளின் சீலிங் பெயர்ந்து கம்பி தெரிகிறது. அதையும் சரிசெய்ய வேண்டும். "ஸ்கூல் பாட்டுக்கு ஸ்கூல் நடக்கட்டும், நாங்க மேல பாத்துக்கறோம், ஏழு மாசத்துல சாவி கொடுத்துடறோம்" என்கிறார் காண்ட்ராக்டர். பள்ளியை வேறு இடத்துக்கு மாற்ற வழியில்லை. எதை எப்போது செய்வது? எங்கே இடறும்?

கம்பியும் கலவையும் (ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்)

"மேல பாத்துக்கறோம்" என்பதுதான் இடறும் இடம். மேலே ரூஃப் போட்டால் முதல் மாடி வகுப்பறைகளும் வேலைத்தளம்தான். கணக்கைப் பாருங்கள்.

உங்கள் மொட்டை மாடியை ஆள் நடமாடும் ரூஃபாக டிசைன் செய்திருந்தால் சதுர மீட்டருக்கு 150 கிலோ நகரும் பாரம் (ஆள், சாமான் கனம்). அதோடு சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் சேர்ந்து சுமார் 200 கிலோ. ஆக 350. இப்போது புது ரூஃபுக்கு சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும்) அடித்தால், 5 அங்குல ஈரக் கான்கிரீட் 325 கிலோ, பலகையும் முட்டும் 50, ஆட்களும் வைப்ரேட்டரும் 150. மொத்தம் 525 கிலோ, பீம் கனத்தைச் சேர்க்காமலே. ஜல்லித் தளத்தைக் கொத்தி எடுத்த பிறகும் பழைய தளம் இதைத் தனியாகத் தாங்காது. அதனால் மேலே எங்கெல்லாம் முட்டு நிற்கிறதோ, அதற்கு நேர்கீழே முதல் மாடி அறைக்குள்ளும் முட்டுக் கொடுத்து பாரத்தை அடுத்த தளத்துக்கும் இறக்க வேண்டும். முட்டுக்காடாக இருக்கும் அறையில் பெஞ்சு போட முடியாது.

எத்தனை நாள்? ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) சொல்வது: 4.5 மீட்டருக்கு மேல் வீச்சுள்ள தளத்துக்கு முட்டு 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். அதுவும் ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லண்ட்) சிமென்டுக்கு. பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்) என்றால் இன்னும் சில நாள் விடுவது நல்லது. சென்ட்ரிங், கம்பி கட்டு வேலைக்கு இரண்டு வாரம் சேருங்கள். ஐந்து வாரத்துக்குக் குறையாது. கான்கிரீட் போடும் நாளில் கட்டடத்தில் ஒரு பிள்ளைகூட இருக்கக் கூடாது. முட்டு நிற்கும் வாரங்களில் தரைத்தளத்தில் வகுப்பு நடத்தலாமா என்பதை டிசைன் செய்தவர் எழுத்தில் தரட்டும்.

ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. உங்கள் கட்டடம் 50 மீட்டர் நீளம் வரும். 45 மீட்டரைத் தாண்டினால் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (வெயிலில் கட்டடம் விரிய விடும் இடைவெளி) விடுவது வழக்கம். நான்காவது, ஐந்தாவது அறைக்கு நடுவில் சுவரிலும் தளத்திலும் ஒரே நேர்கோட்டில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேலையை அதே கோட்டில் இரண்டாக வெட்டிக்கொள்ளலாம்: இந்தக் கோடையில் ஒரு பாதி, அடுத்த கோடையில் மறு பாதி. முதல் பாதியில் மேலே கிடைக்கும் அறைகள் இரண்டாம் பாதிக்கு மாற்று வகுப்பறை ஆகிவிடும். புது மாடியிலும் அந்த ஜாயின்ட் அப்படியே தொடர வேண்டும். சில மேஸ்திரிகள் "பார்க்க அசிங்கமா இருக்கு" என்று பூசி மூடிவிடுவார்கள், ஒரு வெயிலுக்குள் அங்கேயே வெடிக்கும்.

இதெல்லாம் மேலே கட்டலாம் என்று முடிவான பிறகு. அதற்கு முந்தைய கேள்வி, கட்டலாமா? 1994-ல் பெரும்பாலும் எம்15 கான்கிரீட் (எண் வலிமையைக் குறிக்கும்; எண் கூடினால் வலு கூடும்). குறைந்தது எம்20 வேண்டும் என்ற விதி 2000-ல்தான் வந்தது. வகுப்பறைத் தரைக்கு நகரும் பாரம் 300 கிலோ, வராண்டாவுக்கு 400. ஜல்லித் தளத்தை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டாலும் 420 வரை போகும், பழைய 350-ஐ மிஞ்சுகிறது. பில்லர்களுக்கு ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசானிக் சோதனை (உடைக்காமலே கான்கிரீட்டின் தரம் பார்ப்பவை) இரண்டும் செய்து, சந்தேகமான இடத்தில் குறைந்தது மூன்று கோர் (துளைத்தெடுக்கும் கான்கிரீட் உருளை) எடுங்கள். சராசரி வலிமை டிசைனில் எடுத்துக்கொண்ட கிரேடில் 85 சதவீதம் வர வேண்டும், எந்த ஒரு கோரும் 75-க்குக் கீழ் போகக் கூடாது. ஓரத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக இரண்டு பில்லர் அடியில் தோண்டி பூட்டிங் (பில்லரின் அஸ்திவாரம்) அளவை நேரில் பாருங்கள். "மூணு மாடிக்குப் போட்ட பூட்டிங்" என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. பள்ளிக்கு நிலநடுக்கக் கணக்கில் 1.5 மடங்கு எடுக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சாரம் (கட்டட ஒப்பந்ததாரர்)

சார் சொன்ன கணக்கு சரி. நான் காலண்டரைச் சொல்றேன்.

டெல்டாவுல அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழை. மொட்டை மாடி ஜல்லியைக் கொத்தி எடுத்துட்டு மேல ரூஃப் இல்லாம மழைக்கு மாட்டினா முதல் மாடி முழுக்க ஒழுகும், சீலிங் பைப்புக்குள்ள தண்ணி இறங்கி ஃபேன் பாக்ஸ் வழியா சொட்டும். அதனால எந்தப் பாதியில வேலையோ அந்தப் பாதி ஜல்லியை மட்டும் எடுங்க, அதுவும் பரீட்சை முடிஞ்சு பள்ளி விட்ட அன்னிக்குத்தான். மே 15-க்குள்ள ரூஃப் கான்கிரீட் போட்டாத்தான் ஜூன்ல முட்டைப் பிரிச்சு அறையைத் திருப்பிக் கொடுக்க முடியும். அந்தத் தேதி தவறும்னு ஏப்ரல்லயே தெரிஞ்சா ஜல்லில கையே வைக்காதீங்க.

கிழக்கு மாடிப்படியை முதல்ல எடுங்க. அது தனிக் கட்டடமா, நடுவுல ஜாயின்ட் விட்டு நிக்கணும். பொங்கலுக்கு அப்புறம் தண்ணி மட்டம் இறங்கினதும் தோண்டலாம். பழைய பூட்டிங் அடிமட்டத்துக்குக் கீழ போகாதீங்க. போயே ஆகணும்னா தள்ளிப் போடுங்க, ஒரு குழியைக் கான்கிரீட் போட்டு மூடிட்டுத்தான் அடுத்ததைத் தோண்டணும். எல்லாக் குழியையும் ஒரே நேரத்துல திறந்து போட்டுட்டு மழை வந்துச்சுன்னா பழைய பில்லருக்கு அடியில மண் கரையும். படியோட அகலம் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. இந்தப் படி முடிஞ்சா ஆளுங்க, சாமான் எல்லாம் அந்தப் பக்கமாவே ஏறி இறங்கலாம், பிள்ளைங்க படியில கலக்க வேண்டாம்.

பாதி ரூஃபுக்கு பீமோட சேர்த்து 33, 34 கன மீட்டர் வரும், ரெடிமிக்ஸ் லாரி ஆறு. ஞாயித்துக்கிழமை விடிகாலையில ஆரம்பிங்க. செங்கல், எம்சாண்ட் லாரி காலை எட்டுக்கு முன்னால இல்லேன்னா சாயங்காலம் அஞ்சுக்கு மேல. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்ல ஒரு ஆள் நிக்கணும். இதையெல்லாம் ஒப்பந்தத்துலயே எழுதுங்க. லீவு நாள் கூலி, ராத்திரிக் கூலி ரேட்டும் முன்கூட்டியே வாங்கிடுங்க. எழுதலைன்னா அப்புறம் "எக்ஸ்ட்ரா"ன்னு பில் வரும்.

ஜூனுக்கு அப்புறம் செங்கல் கட்டு, பூச்செல்லாம் கீழ வகுப்பு நடக்கும்போதே செய்யலாம். ஆனா கொத்துற வேலை, டைல்ஸ் கட்டிங், சுவர்ல பைப்புக்குக் காடி வெட்டறது மூணும் சனிக்கிழமைக்கு. பிரேக்கர் சத்தம் பீம் வழியா அந்தக் கோடி வரைக்கும் போகும், பக்கத்து அறையிலதானேன்னு நினைக்காதீங்க. நடுச்சுவருக்குச் செங்கல் வேண்டாம், ஏ.ஏ.சி. பிளாக் (காத்துக் குமிழி உள்ள லேசான கான்கிரீட் கல்லு) போடுங்க. கனம் மூணுல ஒரு பங்குதான்.

முதல் மணி (தலைமை ஆசிரியர், ஓய்வு)

நண்பர்கள் இருவரும் கட்டடத்தைப் பேசிவிட்டார்கள். பிள்ளைகள் பக்கத்திலிருந்து சில.

வேலைப்பகுதிக்கும் பள்ளிக்கும் நடுவே சணல் சாக்கோ பச்சை வலையோ போதாது. ஆள் உயரத்துக்கு மேல் தகரத் தடுப்பு, தனி வாசல், வேலையாட்களுக்குத் தனிக் கழிப்பறை, அடையாள அட்டை. தொழிலாளர் குடிசை வளாகத்துக்குள் கூடவே கூடாது. சாரத்தின் கீழ் பிள்ளைகள் போக வேண்டிய வழி இருந்தால் பலகையும் தகரமும் வேய்ந்து மூடிய நடைபாதை அமைக்க வேண்டும். மேலிருந்து விழும் ஒரு செங்கல் துண்டுக்கு வலை நம்பகமானது அல்ல.

தடுப்பு வைக்கும்போது வெளியேறும் வழி குறைந்துவிடக் கூடாது. உங்களுக்கு இப்போது இருப்பது ஒரே படி. அதில் சிமென்ட் மூட்டை அடுக்கினால் முடிந்தது. வேலை மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் மணி அடித்து, எல்லாரையும் மைதானத்துக்கு இறக்கிப் பாருங்கள். தற்காலிக வகுப்புக்குக் கீற்றுக் கொட்டகை போடும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ சமையல்கூடத்தின் கீற்றுக் கூரையில் பிடித்தது. அதே காரணத்துக்காக, வெல்டிங் வேலை வகுப்பு நேரத்தில் வேண்டாம், பள்ளியின் மின்பலகையிலிருந்தும் வேண்டாம். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) பொருத்தச் சொல்லுங்கள்.

கழிப்பறை வேலையைப் பாதிப் பாதியாகத்தான் எடுக்க வேண்டும். மாணவிகள் பக்கம் முதலில். பழைய செப்டிக் டேங்கை உபயோகத்திலிருந்து எடுத்தால் அன்றே மணல் நிரப்பி மூடிவிடுங்கள். தகரம் போட்டு மூடி வைத்தால் போதும் என்பவர்களுக்கு 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் பள்ளியின் செப்டிக் டேங்கில் விழுந்து ஒரு குழந்தை இறந்ததைச் சொல்லுங்கள். பழைய கழிப்பறைச் சுவரை அஸ்திவாரம் இல்லாமல் அரைகுறையாக நிற்க விடுவதும் அப்படித்தான். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் மூன்று மாணவர்கள் அப்படி ஒரு சுவர் விழுந்துதான் இறந்தார்கள். இடித்தால் முழுதாக, விடுமுறையில்.

காகித வேலை: கூடுதல் மாடிக்குத் திட்ட அனுமதி வாங்காமல் கம்பியைத் தொடாதீர்கள். முடிந்ததும் கட்டட உறுதிச் சான்று, தாசில்தாரிடம் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் புதுக் கட்டடத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். கையில் இருப்பவை பழைய வரைபடத்துக்கு உரியவை. அங்கீகாரம் புதுப்பிக்கும்போது அங்கேதான் சிக்கும். பொதுத்தேர்வு மையமாக இருந்தால் மார்ச் முதல் தேர்வு முடியும்வரை சத்தம் எழுப்பும் வேலை எதுவும் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. படிக்கான குழியையும் பிப்ரவரியோடு முடித்துவிடுங்கள்.

காவிரிக்கரை

மிக்க நன்றி ஐயா, சார். ஜாயின்ட் இருக்கிறது, நான்காவது அறைக்கு அடுத்து. இரண்டு சந்தேகம். நீட்டி விட்ட கம்பி 16 எம்.எம்., முப்பது வருடத் துரு. அப்படியே கட்டலாமா? சீலிங் பெயர்ந்த மூன்று அறையையும் மாடி எழுப்பிய பிறகு பூசிக்கொள்ளலாம் என்கிறார் காண்ட்ராக்டர். அது சரியா?

நிழல்குடை

ஏன் இவ்வளவு சிரமம்? மேலே இரும்பு ஃபிரேம் போட்டு ஷீட் வேய்ந்தால் முட்டும் வேண்டாம், பாரமும் இல்லை.

கம்பியும் கலவையும்

நிழல்குடை: ரூஃப் பாரம் குறையும், உண்மை. ஆனால் தரைக்கு வரும் 300 கிலோ குறையாது, சுவர் குறையாது. ஏப்ரல் வெயிலில் ஷீட்டுக்கு அடியில் வகுப்பு நடத்த இன்சுலேட்டட் பேனல் வேண்டும், மழைச் சத்தத்தில் பாடம் கேட்காது. காற்று கூரையைத் தூக்கும் விசைக்கு ஆங்கர் டிசைன் வேறு. சோதனையில் பில்லர் சுமார் என்று வந்தால் யோசிக்கலாம், அனுமதியும் அதற்கேற்ப வாங்க வேண்டும்.

காவிரிக்கரை: கம்பியில் வெளியே தெரியும் துரு பெரிய விஷயமில்லை. தளத்தைத் தொடும் இடம்தான் ஆபத்து. அங்கே மழைத்தண்ணீர் தேங்கி கம்பி கழுத்து மாதிரி மெலிந்திருக்கும், மேலே தடிமனாகத் தெரியும். பில்லர் தலையை 6 அங்குலம் கொத்தித் திறந்து, ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, அந்த இடத்தில் வெர்னியர் வைத்துப் பாருங்கள். 16 எம்.எம். கம்பி 14.5-க்குக் கீழே காட்டினால் குறுக்குப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதை நம்பி லேப் (புதுக் கம்பியைப் பக்கத்தில் சேர்த்துக் கட்டுவது) போடக் கூடாது. அறுத்துவிட்டு கெமிக்கல் ஆங்கரில் (ஓட்டையில் பசை நிரப்பி) புதுக் கம்பி நட வேண்டும்: 16 எம்.எம். கம்பிக்கு 20 எம்.எம். ஓட்டை, ஆழம் டிசைன்படி. துளைக்கும் முன் கவர் மீட்டர் வைத்து உள்ளே இருக்கும் கம்பியைக் குறித்துக்கொள்ளுங்கள். துளைத்த பின் ஊது, பிரஷ் போடு, மறுபடி ஊது. இந்தத் தூசி எடுக்கும் வேலையைத்தான் எல்லாரும் தாண்டிப் போவார்கள். தூசி இருந்தால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காது, கம்பி கையோடு வரும். சில கம்பிகளை இழுவைச் சோதனை செய்யாமல் பில் பாஸ் செய்யாதீர்கள்.

சீலிங் விஷயத்தில் காண்ட்ராக்டர் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். அந்த மூன்று அறையின் சீலிங்தான் நாளைக்கு இரண்டாம் மாடியின் தரை. முதலில் இன்றே அந்த அறைகளிலிருந்து பிள்ளைகளை மாற்றுங்கள், மாடி கட்டினாலும் கட்டாவிட்டாலும். பிறகு முட்டுக் கொடுத்து, தொங்கும் கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பிக்குப் பின்னால் முக்கால் அங்குலம் இடம் கிடைக்கும்வரை கொத்துங்கள். துருவை முழுக்க எடுத்து, மெலிந்த இடத்தில் கூடுதல் கம்பி கட்டி, துத்தநாகப் பிரைமர், பிணைப்புப் பூச்சு, அது காய்வதற்குள் பாலிமர் மார்ட்டர், ஒரு அடுக்குக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல். பெரிய பள்ளமென்றால் மைக்ரோ கான்கிரீட் (தானே பரவும் பொடி ஜல்லிக் கலவை). வெறும் சிமென்ட் கலவை பூசினால் துரு உள்ளே தொடரும், பூச்சு ஒரு நாள் மேசைமேல் விழும்.

மற்ற ஐந்து அறைச் சீலிங்கையும் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள், பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஹாஃப் செல் சோதனையில் (கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து துருவைக் கண்டுபிடிப்பது) மைனஸ் 350 மில்லி வோல்ட்டையும் தாண்டிக் காட்டும் இடங்களில் துரு ஓடிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எட்டில் பாதிக்கு மேல் அப்படி என்றால் மேலே கட்டும் யோசனையை விட்டு, மைதானத்து ஓரம் தனிக் கட்டடத்துக்கு எஸ்டிமேட் கேளுங்கள். வகுப்பு நடக்கும்போதே கட்ட அதுதான் சுலபம், முட்டுக்காக ஒரு அறையையும் காலி செய்ய வேண்டாம்.

சாரம்

தனிக் கட்டடம்னா ஏழு மாசம் நடக்கும். மேல கட்டறதுன்னா ரெண்டு கோடை, அதுக்குக் குறைச்சு யார் சொன்னாலும் முட்டு எப்போ பிரிப்பீங்கன்னு தேதி போட்டுக் கேளுங்க. ரிப்போர்ட் வந்ததும் இங்க போடுங்க சார், பார்த்துச் சொல்றோம்.