கடையில் கிறிஸ்மஸ் பாட்டு: நாள் முழுக்க நிற்பவர்களும் தாங்குகிற மாதிரி எதைப் போடலாம்?

கோட்டாறு_பேக்கரி:

நாகர்கோவிலில் பேக்கரி. கடை 30க்கு 15 அடி. காலை 9 மணியிலிருந்து இரவு 9.30 வரை திறந்திருக்கும். டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து கிறிஸ்மஸ் பாட்டு போடுவது வழக்கம். பென் டிரைவில் 14 பாட்டு இருக்கு, மொத்தம் 45 நிமிஷம், அதுவே சுத்திச் சுத்தி ஓடுது. நாலு சீலிங் ஸ்பீக்கர், 100 வோல்ட் லைன் (ஒரே வயரில் பல ஸ்பீக்கரை மாட்டுகிற முறை), 40 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர். கவுண்டரில் நிற்கிற பிள்ளைகள் பத்தாம் தேதிக்கு முன்னாடியே "அதை நிறுத்துங்கண்ணே"ங்கிறாங்க. பிளம் கேக் வாங்க வருகிறவங்களுக்குப் பாட்டு வேணும், அதனால அடியோடு நிறுத்த மனசில்லை. எத்தனை பாட்டு, எந்த மாதிரி, எவ்வளவு சத்தம்? யூடியூப்பில் நான்-ஸ்டாப் வீடியோ போட்டுவிட்டால் போதுமா?

ஒலிக்காரன்:

அண்ணாச்சி, முதல்ல கணக்கைப் பாருங்க. பன்னிரண்டரை மணி நேரம்னா 750 நிமிஷம். 45 நிமிஷத் தொகுப்பு அதுல 16, 17 தடவை ஓடிடும். 25 நாள்ல ஒவ்வொரு பாட்டையும் அந்தப் பிள்ளைங்க 400 தடவைக்கு மேல கேட்கிறாங்க. எவ்வளவு நல்ல பாட்டா இருந்தாலும் அது தாங்காது.

ஒரு பாட்டு நாளைக்கு மூணு தடவைக்கு மேல வரக்கூடாதுன்னு வெச்சுக்குங்க. மதியம் 1லிருந்து 3 வரை முழுசா நிறுத்திடுங்க, அந்த நேரம் கூட்டமும் இருக்காது. மிச்சம் 630 நிமிஷம். அதை மூணாப் பிரிச்சா 210 நிமிஷம், சராசரி மூன்றரை நிமிஷப் பாட்டுன்னா 60 பாட்டு. அறுபதும் கிறிஸ்மஸ் பாட்டா இருக்க வேண்டியதில்லை. டிசம்பர் 15 வரை மூணுல ஒண்ணு போதும், மற்றதெல்லாம் புல்லாங்குழல், கிடார், பியானோன்னு வார்த்தை இல்லாத மெல்லிசை. அதுக்கப்புறம் பாதிக்குப் பாதி. 24ஆம் தேதி சாயங்காலம் மட்டும் முழுக்கக் கிறிஸ்மஸ்.

அடுத்தது ஒரே மெட்டு வேற வேற குரல்ல வர்றது. பாட்டுப் பட்டியல்ல பேர் வேறயா இருக்கும், காதுக்கு ஒண்ணுதான். 'ஒப்பில்லா திரு இரா'வும் 'சைலன்ட் நைட்'டும் ஒரே மெட்டு. ஷஃபிள்ல விட்டா அடுத்தடுத்து வந்து நிக்கும். ஒரு மெட்டுக்கு ரெண்டு பதிவுதான், ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது இடைவெளி. ஷஃபிளை அணைச்சுட்டு கோப்புப் பெயருக்கு முன்னால 001, 002ன்னு நீங்களே எண் போடுங்க. 'ஜிங்கிள் பெல்ஸ்' ஒரே ஒரு பதிவு போதும். நாலே வரி திரும்பத் திரும்ப வர்ற பாட்டு அது, முதல்ல சலிக்கிறதும் அதுதான்.

சலிப்புக்கு இன்னொரு காரணம் சலங்கை மணிச் சத்தமும் குழந்தைகள் கூட்டுக்குரலும். சின்ன சீலிங் ஸ்பீக்கர்ல அந்த உச்ச ஒலி கீச்சுன்னு குத்தும். ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் குறைங்க. பில் கவுண்டருக்கு நேர் மேல இருக்கிற ஸ்பீக்கரைத் திறந்தா டிரான்ஸ்ஃபார்மர்ல 6, 3, 1.5 வாட்ஸ்னு முனைகள் இருக்கும். ஆம்பை அணைச்சுட்டு அந்த ஒண்ணை மட்டும் 6லிருந்து 1.5க்கு மாத்துங்க. 6 டெசிபல் குறையும், கடையோட மற்ற பகுதி அப்படியே இருக்கும்.

சத்தம்: கடை காலியா இருக்கும்போது போன்ல டெசிபல் ஆப் வெச்சு கவுண்டர்ல பாருங்க, 55லிருந்து 58க்குள்ள இருந்தா சரி. கூட்டம் வந்ததும் கூட்டாதீங்க. கூட்டினா ஜனங்க குரலை உயர்த்துவாங்க, "கால் கிலோ" "நாலு கிலோ"ன்னு காதுல விழும். பழைய பதிவு மெதுவா, புதுசு சத்தமான்னு வராம இருக்க, எம்பி3கெய்ன்னு பாட்டுகளோட சத்தத்தைச் சமன் பண்ற மென்பொருள்ல எல்லாத்தையும் 89 டெசிபலுக்குச் சமன் பண்ணிடுங்க.

ஆல்ட்டோ_வரிசை:

மேலே சொன்னது எல்லாம் சரி. பாட்டுத் தேர்வில் ஒரு ஆபத்து இருக்கு, அதைச் சொல்கிறேன். 'பாமாலை இசை' (பாமாலை என்பது சபைகளில் பாடும் பாட்டுப் புத்தகம்) என்று வருகிற வாத்திய இசைத் தொகுப்புகளில் கிறிஸ்து பிறப்பின் பாட்டோடு லெந்து காலப் பாட்டும், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலப் பாட்டும், கலந்தே இருக்கும். வார்த்தை இல்லையே என்று விடாதீர்கள். உங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மெட்டைக் கேட்டதுமே பாட்டு தெரிந்துவிடும். கேக் வாங்க வந்த இடத்தில் புனித வெள்ளியின் மெட்டு ஒலித்தால் மனசு சங்கடப்படும். ஒவ்வொன்றின் முதல் அடியையும் பாமாலைப் புத்தகத்தில் தேடி, கிறிஸ்து பிறப்பின் பகுதியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரியாத மெட்டு என்றால் பக்கத்துச் சபைப் பாடகர் குழுவில் யாரிடமாவது பத்து விநாடி போட்டுக் காட்டினால் போதும், உடனே சொல்லிவிடுவார்கள்.

'பக்தரே வாரும்' மாதிரி கம்பீரமான கூட்டுப்பாட்டைச் சாயங்காலக் கூட்டத்துக்கு வையுங்கள். காலையில் வயலின், வீணையில் வாசித்த கிறிஸ்தவக் கீர்த்தனைகள் நன்றாக இருக்கும். கீர்த்தனை மெட்டுகள் ராகத்தில் அமைந்தவை, அதனால் பழைய மேற்கத்திய மெட்டுகளுக்கு நடுவே காதுக்கு மாறுதல் கிடைக்கும். 25ஆம் தேதியோடு சட்டென்று நிறுத்த வேண்டாம். ஜனவரி 6 வரை கிறிஸ்மஸ் காலம் உண்டு, மூன்றில் ஒன்று என்று குறைத்து ஓட்டலாம்.

உரிமம்_பார்ப்பவர்:

யூடியூப், ஸ்பாட்டிஃபை தனிநபர் கணக்கை, காசு கட்டிய பிரீமியமாக இருந்தாலும், கடையில் ஒலிக்க விடுவது அவர்கள் விதிமுறைப்படி கூடாது. அதோடு நடுவில் விளம்பரம், போன் வந்தால் ரிங்டோன் எல்லாம் ஸ்பீக்கரில் வரும்.

'சைலன்ட் நைட்' 1818இல் ஆஸ்திரியாவில் முதலில் பாடப்பட்டது, 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857. இந்தப் பாட்டுகளுக்கு இப்போது பதிப்புரிமை கிடையாது. ஆனால் போன வருஷம் ஒருவர் அதைப் பாடிப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவுக்கு உண்டு. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 வருஷம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பதிவுகளுக்குப் பி.பி.எல்., பாடல் வரிக்கும் இசையமைப்புக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்புகள் உரிமம் தருகின்றன. பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் போடப்போகும் ஆல்பங்களின் நிறுவனப் பெயர்களை எழுதிக் கொடுத்து, அவை அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். செலவு வேண்டாம் என்றால் உள்ளூரில் கீபோர்டு வாசிப்பவரிடம் பழைய மெட்டுகளில் இருபது வாசித்துப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். பதிவின் உரிமை கடைக்கு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கோட்டாறு_பேக்கரி:

பழைய போன் ஒன்றில் பாட்டுகளை ஏற்றி, ஏரோபிளேன் மோடில் வெச்சு, வயர் வழியா ஆம்பில் மாட்டினேன். வாத்தியம் கேட்குது, பாடுகிறவர் குரல் மட்டும் எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. சார்ஜர் மாட்டினா 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் வேற.

ஒலிக்காரன்:

போன் வயரை மைக் ஓட்டையில மாட்டியிருக்கீங்க. அந்த ஓட்டை பாட்டோட இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழிச்சுடும். குரல் ரெண்டுலயும் சமமா இருக்கிறதால ஒண்ணையொண்ணு அழிச்சுடும். பின்பக்கம் ஆக்ஸ்னு போட்ட சிவப்பு, வெள்ளை ஓட்டைக்கு மாத்துங்க, 3.5 எம்எம்-ஆர்சிஏ வயர் வேணும். இரைச்சல் சார்ஜர் வழியா வர்ற கிரவுண்ட் லூப், அதாவது சார்ஜரும் ஆம்பும் எர்த் வழியா ஒரு சுற்றா இணைஞ்சு வர்ற மின் இரைச்சல். வயருக்கு நடுவுல கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் மாட்டுங்க. இல்லைன்னா ராத்திரி சார்ஜ் ஏத்திட்டுப் பகல்ல பேட்டரியிலயே ஓட்டுங்க. திரையை அணைச்சு வெச்சா நல்ல பேட்டரி ஒரு நாள் தாங்கும்.