இருபது லட்சத்துக்கு ஒரு பேஸ் கிட்டார்: கச்சான் காற்றில் நிற்குமா?

உப்புவெளிப் பொடியன்

வணக்கம். ஏழு வருடமாக இந்தோனேசியாவில் செய்த ஒரு நாலு கம்பி ஜாஸ் பேஸைத்தான் வாசிக்கிறேன். ஞாயிறு பூசை, வெள்ளி சனியில் திருகோணமலை நிலாவெளிப் பக்க ஹோட்டல், இடைக்கிடை கல்யாண வீட்டுப் பைலா. ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் பாதிக் காசு போடுகிறேன், நல்லதாக ஒன்று செய்விப்போம் என்கிறான். அமெரிக்காவில் கையால் செய்கிற ஒரு பட்டறையிடம் விலை கேட்டோம். ஐந்து கம்பி, 35 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), நெக்-த்ரூ (நெக், அதாவது கழுத்து, உடம்புக்குள்ளும் ஓடுகிற வகை), கருங்காலி ஃபிங்கர்போர்ட் (விரல் வைக்கிற பலகை), 18 வோல்ட் பிரீஆம்ப் (உள்ளே வைக்கிற சின்ன ஒலிபெருக்கிச் சுற்று). 6,500 டொலர், நம் காசில் இருபது லட்சம் மட்டில். கைக்கு வர ஒரு வருடம் ஆகுமாம். முற்பணம் கட்டுவதற்கு முதல் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

பழைய ஆம்ப்

தம்பி, இருபது லட்சம் என்றால் வீட்டோடு ஒரு அறையைக் கூட்டிக் கட்டலாம். சரி, அது உன் காசு. நான் கேட்பது ஒன்றுதான்: இப்போது இருக்கிற பேஸில் உனக்கு என்ன குறை? அதை ஒரு வரியில் சொல்ல முடிந்தால் செய்வி. முடியாவிட்டால் நீ வாங்கப்போவது மினுங்கல் மரம்.

அமெரிக்க பேஸ் வாசிப்பாளர் ஆன்டனி ஜாக்சன் எழுபதுகளின் நடுவில் கிட்டார் செய்கிற கார்ல் தொம்சனிடம் போய் ஆறு கம்பி பேஸ் செய்யச் சொன்னது ஆடம்பரத்துக்கு இல்லை. அவருக்கு வேண்டிய நோட்டுகள் அப்போது கடையில் இருந்த பேஸில் இல்லை. இன்றைக்கு ஐந்து கம்பி எந்தக் கடையிலும் தொங்குகிறது.

ஆறு கம்பி

அண்ணை எப்போதும் இப்படித்தான், காசைக் காட்டிப் பயமுறுத்துவார். நான் உவர்மலையில் வளர்ந்து இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். கையால் செய்த ஆறு கம்பி ஒன்று ஒன்பது வருடமாக என்னிடம் உண்டு. காசு எங்கே போகிறது என்று தெரியாமல் பேசக்கூடாது. என்னுடைய நெக் ஐந்து மரப்பட்டைகளை ஒட்டிச் செய்தது, உள்ளே இரண்டு கார்பன் ஃபைபர் கம்பிகள். திருகாது, வளையாது. தொழிற்சாலைப் பேஸில் ஜி கம்பியின் ஐந்தாம், ஆறாம் ஃபிரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பக்கத்தில் ஒரு நோட்டு செத்துக் கிடக்கும். நெக் தன்பாட்டில் அதிர்ந்து கம்பியின் சக்தியை உறிஞ்சிவிடுவதால் வருவது அது. நெக் விறைப்பாக இருந்தால் அந்தத் தொல்லை குறையும்.

பொடியன், 35 அங்குலத்தை விடாதே. ஐந்தாவதாக வருகிற தாழ்ந்த பி கம்பிக்கு அது வேண்டும்.

டச்சுக்குடா

நான் சவுண்ட் பார்க்கிறவன், வாசிக்கிறவன் இல்லை. அந்த பி கம்பி அடிப்பது 31 ஹேர்ட்ஸ். இங்கே ஹோட்டல்களில் இருக்கிறது கம்பத்தில் ஏற்றிய இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். 31 ஹேர்ட்ஸ் அதில் இருந்து வெளியே வராது. மேல்சுரங்களைக் கேட்டு நம் காதுதான் அடிச்சுரத்தை நிரப்பிக்கொள்கிறது. வழக்கமான 34இல் இருந்து 35 அங்குலத்துக்குப் போனால் அதே கம்பியில் இழுவிசை 6 சதவீதம்தான் கூடும். பட்டறைக்காரர் அதை ஏதோ புரட்சி மாதிரிச் சொல்லியிருப்பார்.

ஆறு கம்பி

6 சதவீதம் விரலுக்குத் தெரியும். வாசிக்காதவருக்குத் தெரியாது.

டச்சுக்குடா

வாசிக்காதவன்தான் ஊரிலே அதிகம் ராசா. கேட்பது அவன்கள்தானே.

பழைய ஆம்ப்

நெக்-த்ரூ பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. திருகோணமலையில் ஆனி ஆடியில் கச்சான் அடிக்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று ஸ்காபரோவில் இருந்து மறந்துபோயிருக்கும். (வறுத்த கச்சான் இல்லை தம்பி, காற்று.) ஈரம் வற்றி ஃபிங்கர்போர்ட் சுருங்கும், ஃபிரெட்டின் முனைகள் வெளியே தலை நீட்டும். நெக்கின் ஓரமாகக் கையை ஓட்டினால் மீன்முள் மாதிரிக் குத்தும். மார்கழி மழையில் அதே மரம் ஊதி, நெக் முன்னுக்கு வளைந்து, கம்பி இரண்டு மில்லிமீற்றர் மேலே நிற்கும். வருடத்துக்கு இரண்டு முறை டிரஸ் ரொட்டை (வளைவைச் சரிசெய்ய நெக்குக்குள் ஓடுகிற இரும்புக் கம்பி) திருகாமல் இந்த ஊரில் பேஸ் வைத்திருக்க முடியாது.

போல்ட் போட்ட நெக் என்றால், ஒரு நாள் உண்மையிலேயே திருகிப்போனால் நாலு ஸ்குரூவைக் கழற்றி வேறு நெக் பூட்டலாம். 1951இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் அப்படிச் செய்தது கழற்றிப் பூட்டச் சுலபம் என்றுதான். நெக்-த்ரூவில் நெக்கும் உடம்பின் நடுப்பகுதியும் ஒரே துண்டு. திருகினால் யாரிடம் கொண்டு போவாய்? கொழும்பிலும் அந்த வேலையை நம்பிக் கொடுக்க ஆள் தேட வேண்டும்.

அப்புறம் அந்த 'சஸ்டெய்ன்'. நெக்-த்ரூ என்றால் நோட்டு நின்று ஒலிக்குமாம். ஒலிக்கட்டும். பைலாவின் 6/8 தாளத்துக்கு நோட்டை நிறுத்தத் தெரிய வேண்டும். நான் பிரிட்ஜுக்கு (உடம்பில் கம்பியைத் தாங்குகிற துண்டு) பக்கத்தில் கம்பிக்குக் கீழே மெத்தைக் கடை ஸ்பொஞ்ச் ஒரு துண்டைச் செருகி இருபது வருடம் கல்யாணங்களுக்கு வாசித்தேன். பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் விடிய மூன்று மணிக்கும் ஆட்டம் ஓயாது. சஸ்டெய்ன் போதவில்லை என்று அங்கே ஒருவரும் எழும்பிப் போனது கிடையாது.

முதிரைக்காடு

கருங்காலி என்றதும் எட்டிப் பார்த்தேன். அதை அமெரிக்காவில் காசு கொடுத்துக் கேட்கிறோம், சிலோன் எபொனி என்று உலகம் சொல்வது நம் உலர்வலயக் காட்டு மரத்தைத்தான். வெட்டத் தடை, அது வேறு கதை. அம்மம்மா வீட்டுக் கட்டில் கால் கருங்காலி. ஓடாவியிடம் கொடுத்தால் இரண்டு ஃபிங்கர்போர்ட் தேறும், அம்மம்மா விட்டால்.

உடம்பை முதிரையில் செய்யலாமா என்று யாரும் கேட்பதற்கு முதல் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அது, பேஸ் உடம்புக்கு வழக்கமாகப் போடுகிற ஆல்டர் மரத்தைப் போல இரண்டு மடங்கு பாரம். முதல் பாட்டு முடியும்போதே தோள் கழன்றுவிடும்.

நாலாம் மைல்கல்

ரோஸ்வுட் போட்டால் சுங்கத்தில் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

ஆறு கம்பி

பழைய கதை. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம்) பட்டியலில் சேர்த்தார்கள், கிட்டார்காரர் எல்லாம் திண்டாடினார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இன்னும் கடும் தடை.

பழைய ஆம்ப் அண்ணைக்கு: நெக்-த்ரூ விசயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐந்து பட்டை நெக் கச்சானுக்குச் சும்மா திருகாது. பட்டைகளின் நார் எதிரெதிராக ஓடுவதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். உங்கள் தொழிற்சாலை நெக் ஒரே பலகை.

டச்சுக்குடா

18 வோல்ட் என்றால் 9 வோல்ட் பற்றரி இரண்டு. பல பேஸ்களில் கேபிளைச் செருகி வைத்திருக்கும் மட்டும் பற்றரி தின்னும். போன மாதம் ஒரு திருவிழா மேடையில் இரண்டாவது பாட்டில் பேஸ் இருமத் தொடங்கி மூன்றாவதில் நின்றது. வாசித்த பெடியன் மத்தியானம் ஒத்திகை முடிந்து கேபிளைக் கழற்றாமல் சாப்பிடப் போயிருக்கிறான். பற்றரி இல்லாமலும் பேஸை வேலை செய்யவைக்கிற ஸ்விட்ச் ஒன்று கட்டாயம் கேள். ஆனால் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) இரைச்சலை அடக்குகிற ஹம்பக்கர் வகையாக இருக்கட்டும். இங்கே பாதி மண்டபங்களில் எர்த் சரியில்லை, சிங்கிள் கொயில் பிக்கப் தேனீக்கூடு மாதிரி இரையும்.

பழைய ஆம்ப்

எல்லோரும் பாகம் பாகமாகப் பிரித்தாயிற்று, பொடியன் இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

உப்புவெளிப் பொடியன்

சொல்ல வெட்கமாக இருந்தது அண்ணை. சின்ன வயதில் இடது சின்ன விரல் கதவில் நசுங்கி நுனிக் கணு மடங்காமல் போய்விட்டது. ஒன்றாம் ஃபிரெட்டில் சுட்டுவிரலை வைத்து நாலாம் ஃபிரெட்டை எட்டுவதற்குள் கை முழுவதும் நகர வேண்டியிருக்கிறது. எஃப் மேஜர் பாட்டு வந்தால் நோட்டு பிந்தும். நல்ல பேஸ் என்றால் அது சரியாகும் என்று நினைத்தேன்.

பழைய ஆம்ப்

அட கடவுளே. அதற்கா 35 அங்குலம்?

ஒன்றாம் ஃபிரெட்டிலிருந்து நாலாம் ஃபிரெட் வரை 34 அங்குல ஸ்கேலில் 13 சென்ரிமீற்றர் வரும். 35இல் அது இன்னும் நீளும். 30 அங்குலத்தில் பதினொன்றரை கூட வராது. கிட்டத்தட்ட ஒன்றரை சென்ரிமீற்றர் மிச்சம். உன் விரலுக்கு அதுதான் வேண்டும். நீ இருபது லட்சம் கொடுத்து உன் குறையைப் பெருப்பிக்கப் பார்த்திருக்கிறாய்.

ஆறு கம்பி

35 சொன்னது நான்தான், விரல் கதை தெரியாமல் சொன்னேன். வாபஸ்.

ஆனால் இப்போதுதான் செய்விப்பதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது அண்ணை, நீங்களே கேட்ட அந்த ஒரு வரி. கடையில் 30 அங்குலம் என்று விற்பதில் பாதி, படிக்கிற பிள்ளைகளுக்கான மலிவுச் சாமான். குட்டை ஸ்கேல் என்றால் விளையாட்டுச் சாமான் இல்லை. ஜாஸ் வாசிப்பாளர் ஸ்டான்லி கிளார்க்கின் அலெம்பிக் பேஸ் 30¾ அங்குலம். பீட்டில்ஸ் பால் மக்கார்ட்னியின் ஹொஃப்னர் பேஸும் 30தான். பி கம்பியை மறந்துவிடு, குட்டை ஸ்கேலில் அது தொளதொளக்கும். நாலு கம்பி, 32 அல்லது 30, போல்ட் நெக், மூன்றரைக் கிலோவுக்குள். மினுங்கல் மேல்மரம் வேண்டாம். விலை நன்றாக இறங்கும்.

பழைய ஆம்ப்

முதலில் கடைச் சாமான் ஒன்றை இரண்டு மாதம் வாசித்துப் பார்க்கட்டும். 30 கைக்குச் சரியா, 32 சரியா என்று தெரியாமல் முற்பணம் கட்டுவது, கால் அளக்காமல் செருப்புத் தைப்பிப்பது.

ஆறு கம்பி

இரண்டு மாதம் சரி. அதற்கு மேல் இழுத்தால் மச்சானின் மனம் மாறிவிடும், எனக்கு ரொறன்ரோ மச்சான்மாரைத் தெரியும்.

உப்புவெளிப் பொடியன்

பட்டறைக்கு எழுதிவிட்டேன், பழைய விபரத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி. அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒருவரிடம் பழைய 30 அங்குலம் ஒன்று இருக்கிறதாம், வாடகைக்குத் தருகிறார். பிரிட்ஜ் ஸ்குரூ எல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கிறது, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஆறு கம்பி அண்ணா சொன்ன செத்த நோட்டு என் பேஸிலும் இருக்கிறது, அதே ஜி கம்பி ஐந்தாம் ஃபிரெட். இவ்வளவு நாளும் என் விரல்தான் பிழை என்று நினைத்திருந்தேன். எங்கேயோ வாசித்த ஞாபகத்தில், பக்கத்து வீட்டு ஓடாவியிடம் இரும்புக் கிளாம்ப் ஒன்றை வாங்கி, துணி சுற்றி நெக்கின் தலையில் இறுக்கினேன். ஐந்தாம் ஃபிரெட் உயிர்த்துவிட்டது! செத்த இடம் இரண்டு ஃபிரெட் கீழே போய்விட்டது.

டச்சுக்குடா

ஓடாவிக்குக் கிளாம்ப்பைத் திருப்பிக் கொடுத்தாயா?

உப்புவெளிப் பொடியன்

இன்னும் இல்லை. ஞாயிறு பூசைக்கும் அதைப் பூட்டியபடிதான் வாசித்தேன். முன் வாங்கில் இருந்த பிள்ளைகள் பூசை முடியும் மட்டும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.