அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம் காட்ட லாவோ போகலாமா?

சூரிச்_மகள்:
செப்டம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். அப்பா உரும்பிராயில் இருபது வருடம் திராட்சைப் பந்தல் போட்டவர், அதனால் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் லாவோவைக் காட்ட ஆசை. ஆனால் வீட்டில் யாரும் வைன் தொடுவதில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. ஒரு நாள்தான் இருக்கிறது. போகலாமா?

லோசான்_அண்ணா:
தங்கச்சி, யோசிக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். நானும் வைன் குடிப்பதில்லை, ஆனாலும் வருடம் தவறாமல் போகிறேன். லோசான் பக்கத்திலிருந்து ஷியோன் கோட்டை வரை கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், மலைச்சரிவில் படிப்படியாக மதில் கட்டி நட்ட கொடிகள், கீழே ஏரி, எதிரே ஆல்ப்ஸ். 11ஆம் நூற்றாண்டில் மடத்துத் துறவிகள் காலத்திலிருந்தே இங்கே கொடி வளர்க்கிறார்கள். 2007இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மூன்று சூரியன் என்பார்கள்: வானத்தில் ஒன்று, ஏரியில் பட்டுத் தெறிக்கும் வெயில் ஒன்று, பகல் முழுக்கச் சூடேறி இரவில் அதை விடுகிற கல்மதில் ஒன்று. பொழுதுபட்ட பிறகு அந்த மதிலில் அப்பாவைக் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இளஞ்சூடாக இருக்கும்.

அம்மாவுக்கு நடை வேண்டாம். ஏரிக்கரை ஊரான வெவேயிலிருந்து கொடிகளுக்கு நடுவே ஏறுகிற சின்ன ரயிலில் மேலே ஷெப்ர் கிராமம் வரை போங்கள்.

வெவே_வாசி:
இரண்டு வருடம் அங்கே பழம் வெட்டப் போயிருக்கிறேன். பந்தலே கிடையாது, கொடியெல்லாம் இடுப்பளவுதான், நாள் முழுக்கக் குனிந்தே வெட்ட வேண்டும். சரிவில் பெட்டிகளைக் கொண்டுபோகப் பல் வைத்த ஒற்றைத் தண்டவாளத்தில் குட்டி எஞ்சின் ஓடும், அப்பாவுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள். முன்பெல்லாம் எல்லாம் முதுகுச்சுமைதான், மழை அரித்த மண்ணைக்கூடத் திரும்ப மேலே சுமந்து கொட்டியிருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்ட நிலத்தில் வீடுகள் முளைக்கத் தொடங்கியபோது, 1977இல் இந்த மாநில மக்களே வாக்களித்துக் காப்பாற்றினார்கள். எனக்கு அங்கே பெரிய விஷயம் அதுதான். அங்கே விளையும் ஷசலா வகைத் திராட்சையைச் சும்மாவும் சாப்பிடலாம், நல்ல இனிப்பு. தோட்டக்காரரைக் கேட்காமல் மட்டும் பறிக்காதீர்கள்.

சூரிச்_மகள்:
நன்றி அண்ணா, இருவருக்கும். அப்பாவிடம் போனில் சொன்னேன், "பந்தல் இல்லாமல் எப்படியாம்?" என்று அரை மணி நேரம் கேள்வி. வெவே அண்ணா, அன்றைக்கு ஊரில் இருந்தால் அவரோடு கொஞ்சம் பேச முடியுமா?