வடம் அசைந்த கணம்: வீடியோவுக்கும் படத்துக்கும் ஒரே கமரா

புதிய கமரா வாங்குவதற்காக ஆறு மாதங்களாக மெகாபிக்சலையும் 4கே என்ற சொல்லையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை எங்கள் ஊர் முருகன் கோயில் தேர்த் திருவிழாதான் காட்டித் தந்தது.

அன்று காலை பழைய டி.எஸ்.எல்.ஆர் கமராவில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். சிதறுதேங்காய்கள் உடைந்து, வடம் இறுகித் தேர் முதல் அசைவு அசைந்தபோது, பக்கத்து வீட்டு ஆச்சி இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பியபடி முன்வரிசைக்கு வந்துவிட்டார். வீடியோவை நிறுத்தி, டயலைத் திருப்பி, அவசரமாக ஏழு படங்கள் எடுத்தேன். வீடியோவுக்கு வைத்திருந்த 1/50 ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு) அப்படியே இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கண்டேன். பின்னால் நின்ற கோபுரம் துல்லியமாக விழுந்திருந்தது. ஆச்சியின் கைகள் மட்டும் புகைபோலக் கலைந்திருந்தன. அன்றிரவு ரொறன்ரோவில் இருந்து அவருடைய மகள், "தம்பி, அம்மா கும்பிடுற படம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

1/50 என்பது வீடியோவுக்குத் தவறான வேகமல்ல. நொடிக்கு 25 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) எடுக்கும்போது அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரிவதற்கு அதுவே பொருத்தமானது. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், மண்டப விளக்குகளின் கீழ் கறுப்புப் பட்டைகள் ஓடாமல் காப்பதும் அதுதான். ஆனால் ஓடுகின்ற, கும்பிடுகின்ற, தேங்காய் உடைக்கின்ற மனிதரை நிழற்படத்தில் நிறுத்துவதற்குக் குறைந்தது 1/500 வேண்டும். ஆகவே இரண்டையும் ஒருவரே எடுக்கும்போது, இரண்டு அமைப்புகளையும் தனித்தனியே நினைவில் வைத்திருந்து ஒரே தட்டலில் மாறும் கமராவே தேவை என்று முடிவெடுத்தேன்.

அந்தக் கண்ணோடு பார்த்தபோது பட்டியல் விரைவில் சுருங்கியது. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி4, கேனன் ஆர்6 மார்க் 2, சோனி ஏ7 4 ஆகிய மூன்றிலும் படத்துக்கும் வீடியோவுக்குமான மாற்றுவிசை உடலிலேயே தனியாக உண்டு. நான் சோனியை எடுத்தேன். ஷட்டர், துவாரம் (லென்ஸ் திறக்கும் அளவு), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) ஆகியவற்றை இரு பக்கமும் வெவ்வேறாக வைக்க அதன் மெனு இடம் தருகிறது. அதற்குப் பொருந்தும் லென்ஸ்கள் ஊரிலேயே ஒரு நண்பரிடம் இருந்தன என்பதும் சிறிய காரணமல்ல. நொடிக்கு 60 சட்டகங்களில் 4கே எடுத்தால் அதன் காட்சிப்பரப்பு ஒன்றரை மடங்கு குறுகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்; பின்னால் நகர இடமில்லாத கோயில் வீதியில் அது பெரிய இழப்புத்தான். நான் 25 சட்டகங்களிலேயே எடுப்பதால் என்னைப் பாதிக்கவில்லை. நடன அரங்கேற்றம் முழுவதையும் நிறுத்தாமல் பதிவுசெய்பவர்கள், உள்ளே குளிர்விக்கும் விசிறி கொண்ட பானசோனிக் லூமிக்ஸ் எஸ்5 2ஐயும் பார்க்க வேண்டும்.

அடுத்த சிக்கல் ஆவணி வெயில். ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப்/4, ஷட்டர் 1/50 என்று வைத்தால் நண்பகலில் ஏறத்தாழ ஐந்து நிறுத்தங்கள் (ஒரு நிறுத்தம் என்றால் ஒளி இருமடங்கு) ஒளி மிகுதியாகும். அதனால் ஒளியை 32இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி32 வடிகட்டியை லென்ஸில் மாட்ட வேண்டும். சோனியின் மங்கலான நிறப் பதிவு முறையான எஸ்-லாக்3இல் எடுத்தால் ஐஎஸ்ஓ 800இல் தொடங்குவதால் இன்னும் மூன்று நிறுத்தங்கள் கூடும். பின்னர் நிறம் திருத்த நேரமில்லாத வேலைகளுக்கு நான் அதைத் தொடுவதில்லை. படத்துக்கு மாறும்போது வடிகட்டியைக் கழற்ற வேண்டுமே என்று முதலில் கவலைப்பட்டேன். கணக்குப் பார்த்தால், என்டி32 மாட்டியபடியே 1/500 வைத்தாலும் ஐஎஸ்ஓ 1000 போதுமாகிறது. இன்றைய முழுச்சட்டக உணரிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அதனால் வியர்த்த விரல்களால் வடிகட்டியைத் திருகும் வேலையை விட்டுவிட்டேன்.

இந்த வருடத் தேரன்று ஆச்சி மறுபடியும் முன்வரிசையில் நின்றார். விசையைத் தட்டி மூன்று படங்கள் எடுத்துவிட்டு உடனே வீடியோவுக்குத் திரும்பினேன். இரண்டாவது படத்தில், கூப்பிய விரல்களுக்கிடையே திருநீறு பூசிய நெற்றியும், முழங்கைவரை சரிந்த ஒற்றைக் காப்பும் தெளிவாக இருந்தன. அன்று மாலையே அதை மகளுக்கு அனுப்பிவைத்தேன்.