கட்டைவிரல் கீழே போனால் சாவா? ரோம அரங்கச் சைகை குறித்து

மணல்அரங்கு:
ரோம அரங்கில் தோற்ற கிளாடியேட்டரை (வாள்சண்டை வீரனை)க் கொல்லச் சொல்லிக் கூட்டம் கட்டைவிரலைக் கீழே காட்டுவதாகச் சினிமாவில் வரும் சைகை, 1872-இல் பிரெஞ்சு ஓவியர் ழெரோம் தீட்டிய ஓவியத்திலிருந்து கிளம்பிய கட்டுக்கதை என்று போன இழையில் முடிவு கட்டிவிட்டார்கள். அவ்வளவு சுலபமில்லை. ஓவியத்தின் தலைப்பான 'போல்லிசே வெர்சோ' ரோமக் கவிஞர் ஜுவெனாலின் மூன்றாம் அங்கதப் பாடலில் இருக்கும் சொல்தான். கூட்டம் கட்டைவிரலைத் திருப்பினால், விழா எடுத்தவர் அவர்களுடைய கைதட்டலுக்காக ஆளைக் கொல்கிறார். திருப்புவது கீழே இல்லாமல் வேறெங்கே?

லத்தீன்பித்தன்:
'வெர்சோ' என்றால் 'திருப்பிய', அவ்வளவுதான். திசை அதில் கிடையாது. 'கீழே' நீங்கள் சேர்த்தது. ரோம எழுத்தாளர் பிளினி தன் 'இயற்கை வரலாறு' 28-ஆம் நூலில், ஒருவருக்கு ஆதரவு காட்டக் கட்டைவிரலை அழுத்துவார்கள் என்கிறார். (ஜெர்மானியர்கள் இன்றைக்கும் வாழ்த்தும்போது "உனக்காகக் கட்டைவிரலை அழுத்துகிறேன்" என்பார்கள்.) விரலை மடக்கி அழுத்தினால் கருணை என்றால், கொலைக்கு விரல் நீண்டிருக்க வேண்டும். இதற்கு 'இன்ஃபெஸ்டுஸ்', அதாவது பகைக் கட்டைவிரல், என்று பெயரே உண்டு: கூட்டம் அதைக் காட்டி மிரட்டினாலும் தோற்ற வீரன் நம்பிக்கையை விடுவதில்லை என்று ஒரு லத்தீன் கவிதை சொல்கிறது.

மணல்அரங்கு:
சரி, நீண்டிருக்கிறது. மேலேயா, கீழேயா?

லத்தீன்பித்தன்:
மேலே. ரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியன் தன் பேச்சுக்கலைப் படைப்பின் 11-ஆம் நூலில், சமாதானம் செய்பவரின் சிலையை விவரிக்கிறார்: தலை வலது தோள் பக்கம் சாய்வு, காதருகிலிருந்து நீட்டிய கை, பகைக் கட்டைவிரல். நின்று செய்து பாருங்கள். கையை அப்படி நீட்டி உள்ளங்கையை விரித்தால் கட்டைவிரல் தானாக மேலே நிற்கும். கீழே கொண்டுபோக முன்கையை முழுக்க உள்பக்கமாக முறுக்க வேண்டும். முழங்கை வெளியே துருத்தும். எந்தச் சிற்பி அப்படிச் செதுக்குவான்?

மணல்அரங்கு:
உங்கள் சான்றே உங்கள் காலை வாருகிறது. சமாதானம் செய்பவர் காட்டும் விரல் எப்படிக் கொலை உத்தரவு ஆகும்?

லத்தீன்பித்தன்:
சரியான கிடுக்கிப்பிடிதான். 'இன்ஃபெஸ்டுஸ்' என்பது விரல் நிற்கும் வடிவத்துக்கான பெயர். அதன் அர்த்தத்தைச் சூழல் தீர்மானிக்கும் என்று படிக்கிறேன். நூற்றுக்கு நூறு நிரூபித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் 'கீழே' என்பதற்கு உங்களிடம் ஒரு வரி கூட இல்லையே?

கல்வெட்டுமுத்து:
நூல்களை விட்டு மண்ணுக்கு வாருங்கள். தெற்கு பிரான்சின் கவியார்க் ஊரில் கிடைத்த சுடுமண் பதக்கம் ஒன்று நீம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு வீரர்கள் மோதும் காட்சி. 'ஸ்டான்டெஸ் மிஸ்ஸி' என்று எழுத்து, அதாவது நின்ற நிலையிலேயே இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். அதிலுள்ள கை முஷ்டிமேல் கட்டைவிரலை அழுத்தியிருப்பதாகப் படிக்கிறார்கள். பிளினி சொன்னதோடு பொருந்துகிறது. ஆனால் கருணைப் பக்கத்துக்கு மட்டும்தான் இது உதவும்.

இன்னொன்று: நீங்கள் இருவரும் கூட்டத்தின் விரலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அரங்கில் முதலில் விரல் உயர்த்துபவன் தோற்றவன். கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு விரலைத் தூக்கினால் சரண். நடுவர் சண்டையை நிறுத்துவார். ரோமக் கவிஞர் மார்ஷியல் பாடிய பிரிஸ்கஸ், வேருஸ் என்ற இரு வீரர்களின் சண்டைக்கும் அதுவே விதி. இருவரும் ஒரே நேரத்தில் சரணடைய, பேரரசர் டைட்டஸ் இருவருக்குமே விடுதலைக்கான மரவாள் கொடுத்தார்.

ரோமின் பெரிய அரங்கமான கொலோசியம் ஏறக்குறைய 48 மீட்டர் உயரம். மேல்தட்டில் இருப்பவனுடைய கட்டைவிரல் விழா எடுத்தவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? துணி அசைத்தால் தெரியும். காயம்பட்ட வீரன் மிரினுஸுக்காகக் கூட்டம் கைக்குட்டை அசைத்துக் கருணை கேட்டபோது ஹெர்மோகெனஸ் என்ற திருடன் நான்கு கைக்குட்டைகளை அமுக்கிவிட்டான் என்று மார்ஷியல் கிண்டலடிக்கிறார்!

மணல்அரங்கு:
கைக்குட்டையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது கருணைக்கு. கொலைக்கு எதை ஆட்டினார்கள்?

கல்வெட்டுமுத்து:
கொலைக்கு ஆட்டவில்லை, கத்தினார்கள். 'இயுகுலா', கழுத்தை அறு.