கார் இல்லாமல் பெருநகரத்தில் போக்குவரத்துச் செலவைத் திட்டமிடுவது எப்படி?

கேள்வி:
வேலை நிமித்தமாகப் பெருநகரம் ஒன்றுக்குக் குடிபெயர்கிறேன். கார் வாங்கும் எண்ணம் இல்லை. பேருந்து, மெட்ரோ, அவ்வப்போது வாடகைக் கார் என்று போனால் மாதச் செலவை எப்படிக் கணக்கிடுவது? மாதாந்திர பாஸ் எப்போதும் லாபம்தானா?

பதில் 1:
எப்போதும் இல்லை. பாஸின் விலையை ஒருவழிக் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணிக்கையைவிட அதிகமாகப் பயணம் செய்தால் மட்டுமே லாபம். வாரத்தில் 5 நாள் அலுவலகம் செல்பவருக்கு மாதம் சுமார் 43 பயணங்கள் வரும். 2 நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால் அது 26 ஆகக் குறைந்துவிடும். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் ஒரே பாஸ் செல்லுமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
பலருக்கும் கணக்கு தவறுவது பாஸில் அல்ல, வாடகைக் காரில்தான். மழை பெய்யும் மாலையிலும் கடைசி ரயில் போன பிறகும் செயலியில் காட்டும் கட்டணம் சட்டென்று உயர்ந்துவிடும் என்பதால், அதற்கென்று தனித் தொகை ஒதுக்கி, மிஞ்சியதை அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பதில் 3:
வீடு பார்க்கும்போதே இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வாடகை குறைவு என்று தொலைவில் குடியேறினால், அன்றாடம் நிலையம் வரை போய்வரும் செலவே அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன், காலை நெரிசல் நேரத்தில் ஒருமுறை நிலையம்வரை நடந்து பாருங்கள். சாலையைக் கடக்கக் காத்திருக்கும் நேரம் வரைபடத்தில் தெரியாது.